நாய்க்கு ஊசி போடுறதோட முடியற வேலையா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் எங்க நாய் ரெண்டு நாளா ஒண்ணும் தின்னாம சுருண்டு கெடந்துச்சு, டர்பன் சாட்ஸ்வொர்த்ல வெட் (மிருக டாக்டர்) கிட்ட தூக்கிட்டு ஓடினோம், அந்தம்மா ஒதட்ட தூக்கி ஈறைப் பாத்தாங்க, வெள்ளையா வெளுத்திருக்கு, காதுல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சு பிலியரின்னுட்டாங்க. உண்ணி கடிச்சு வர்றது, ரத்தச் செவப்பணுவையே ஒடைச்சிருமாம்.

அங்க ஒக்காந்திருக்கப்பவே ஒருத்தர் பெல்லட் குண்டு பட்ட வெர்வெட் கொரங்கை டவல்ல சுத்திக் கொண்டாந்தார். வாழைப்பழம் எடுத்ததுக்கா இந்த தண்டனை, என்ன ஜனங்களோ!

இதே வெட் படிப்பு படிச்சவங்கதான் ஹ்லுஹ்லுவே காட்டுல ஹெலிகாப்டர்ல இருந்து காண்டாமிருகத்துக்கு மயக்க ஊசி சுடுறாங்க, கண்ணைக் கட்டி காதை அடைச்சு கொம்பை அறுக்கறாங்க, கொம்புத் திருடன் கையில சாகக்கூடாதுன்னு. நம்ம நகம் மாதிரிதான், திரும்ப வளரும். ஆனா அந்த மயக்க ஊசியில இருக்கற எம்99 மருந்து துளி மனுசன் ஒடம்புல ஏறினாலும் உயிருக்கே ஆபத்து.

இவ்ளோ பெரிய தென்னாப்பிரிக்காவுல வெட் டாக்டர் ஆகணும்னா 1920ல ஆரம்பிச்ச ஒண்டர்ஸ்டபோர்ட் காலேஜ்தான் கதி, டர்பன் புள்ளைங்க பிரிட்டோரியா வரைக்கும் போகணும், எத்தன வீட்ல முடியும்?

இன்னொண்ணு, நம்ம குவாசுலு-நடால் மாகாணத்துல ரேபிஸ் இன்னும் ஒழியல. அரசாங்க வெட் ஆளுங்க தடுப்பூசி போட எந்த ஏரியாவுக்கு என்னைக்கு வர்றாங்கன்னு உங்க பேப்பர்ல முன்கூட்டியே போடுங்க ஐயா. போன தடவ எங்க தெருவுக்கு வந்துட்டுப் போனப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாசகர்