பளபளப்பதெல்லாம் தோல் அல்ல

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த, கறுப்பு வெல்வெட்டும் லேஸுமாக உடுத்தும் கோதிக் பாணி உடைகளைப் பற்றிய கட்டுரை நன்று. 1982இல் லண்டன் சோஹோவில் தொடங்கிய, அந்தப் பாணிக்குப் பேர்போன இரவு விடுதியான பேட்கேவ் கிளப்பையும் மறக்காமல் குறிப்பிட்டிருந்தார்கள். ஆனால் மின்னுகிற எல்லாவற்றையும் ‘தோல்’ என்று எழுதிவிட்டார்கள். படத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் பாவாடை பிவிசி; துணிமேல் பிளாஸ்டிக் பூசியது, நம் ரெக்சினுக்கு ஒன்றுவிட்ட தங்கை. இரண்டுக்கும் பராமரிப்பு வேறு.

பிவிசியில் குண்டூசி குத்தினால் ஓட்டை ஓட்டைதான், மூடாது. கிளிப் போட்டே பிடிக்க வேண்டும். தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ. இருக்கட்டும்; நெருக்கிப் போட்டால் தபால்தலை ஓரம்போலத் துளை வரிசையாகி, அங்கேயே கிழியும். மெஷின் பாதம் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் மேலே டிஷ்யூ தாள் வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுக்கலாம். கட்டுரை சொல்லும் ட்ரை கிளீனிங் இதற்கு ஆகவே ஆகாது. பிளாஸ்டிக்கை வளைய வைப்பதற்காகச் சேர்த்த பொருளை அந்தத் திரவம் கரைத்து எடுத்துவிடும். உடை விறைத்து வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, மடிக்காமல் தொங்கவிட்டால் போதும். இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வரக்கூடாது.

வெல்வெட்டைப் பற்றி ஒரே வரியில் முடித்ததுதான் பெரிய குறை. உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் தடுக்கும். மேற்பரப்பில் நிற்கும் குட்டை இழைகள்தான், அதாவது ரோமம்தான், காரணம். அந்த ரோமம் மேல்நோக்கி இருக்கும்படி வெட்டினால் கறுப்பு ஆழமாகத் தெரியும். கீழ்நோக்கி இருந்தால் லேசாகச் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். துணியை மிச்சம்பிடிக்கப் பாவாடையின் ஒரு பட்டையை மட்டும் தலைகீழாக வெட்டிவிட்டால், ஒரே உடையில் இரண்டு கறுப்பு. எந்தச் சாயமும் அதைச் சரிசெய்யாது. தைக்கும்போது ரோமத்தோடு ரோமம் உரசித் துணி நழுவும் என்பதால், கையால் ஓட்டுத்தையல் போட்ட பிறகே மெஷினில் வைக்க வேண்டும். இஸ்திரி பின்பக்கத்தில் மட்டும், அழுத்தாமல். அடியில் இன்னொரு வெல்வெட் துண்டை ரோமம் மேலே இருக்க விரித்துக்கொள்ளலாம்.

வெளுத்த லேஸுக்கு மறுசாயம் ஏற்றலாம் என்கிறது கட்டுரை. பருத்தி லேஸுக்குச் சரி. பாலியெஸ்டர் லேஸ் பருத்திச் சாயத்தை ஏற்காது. அதற்கு டிஸ்பர்ஸ் என்னும் செயற்கை இழைக்கான சாயமும் கொதிநிலையை ஒட்டிய சூடும் வேண்டும். பருத்தி லேஸேயானாலும் முதலில் தையல்நூலைப் பாருங்கள். அது பாலியெஸ்டராக இருந்தால் துணி கறுத்துவிடும், தையல் மட்டும் பழைய பழுப்பிலேயே பல்லிளிக்கும்.

தையல் பயிற்றுநர்,
கோவை