ஐந்து நிமிட ஓட்டமும் அதற்குப் பின்னால் உள்ள மணித்தியாலங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஹட்டனிலிருந்து ஒரு ஐயா எழுதிய கடிதத்தைப் படித்தேன். அவருடைய அக்கா மகன் நாற்பது வருடப் பழைய கேம் ஒன்றை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப விளையாடுகிறானாம். ஐந்து நிமிடத்தில் முடிகிற விளையாட்டுக்கு இத்தனை மணித்தியாலமா, இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் கடிதம் முழுக்க மணித்தியாலக் கணக்குதான். அந்த மணித்தியாலங்களுக்குள் பையன் என்ன செய்கிறான் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் தலவாக்கலைப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். என் மகனும் அதே கேமைத்தான் ஓடுகிறான். பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஸ்பீட்ரன் என்றால் ஒரு கேமை எவ்வளவு குறைந்த நேரத்தில் முடிக்கலாம் என்று ஓடிப் பார்ப்பது. என் மகன் ஓடுவது 1985 இல் நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ். எட்டு உலகங்கள், 32 கட்டங்கள். குறுக்கு வழிகள் இரண்டைப் பிடித்தால் எட்டுக் கட்டங்களிலேயே முடித்துவிடலாம். 2016 இல் டார்பியன் என்ற பெயரில் ஓடும் அமெரிக்கர் இதை 4 நிமிடம் 56.878 செக்கனில் முடித்தார். 2021 இல் நிஃப்ட்ஸ்கி என்பவர் 4 நிமிடம் 54.948 செக்கனில் முடித்து, 4:55 என்ற எல்லைக்குள் வந்த முதல் ஆளானார். இரண்டுக்கும் நடுவில் நாலரை வருடம். குறைந்த நேரமோ இரண்டு செக்கன்கூட இல்லை. அந்த நாலரை வருடமும் உலகத்தின் திறமையான ஓட்டக்காரர்கள் பலர் இதே எட்டுக் கட்டங்களை ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஏன் இவ்வளவு கஷ்டம்? அந்த கேம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 60 படங்களைத் திரையில் காட்டுகிறது. ஒரு கட்டத்தை முடித்த கையோடு அடுத்தது திறந்துவிடாது. 21 படங்களுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 0.35 செக்கனுக்கு ஒருமுறைதான், கட்டம் முடிந்ததா என்று கேம் பார்க்கும். ஓட்டக்காரர்கள் இதை விளக்குவதற்குப் பஸ்ஸைத்தான் சொல்வார்கள். தலவாக்கலையில் நுவரெலியா பஸ்ஸுக்கு நிற்கிற யாருக்கும் இது உடனே விளங்கும். முன்கூட்டியே வந்து நின்றவரும் கடைசி நேரத்தில் ஓடி வந்து மிதிபலகையில் தொற்றியவரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். ஆகவே கொஞ்சம் வேகமாக ஓடினேன் என்பதில் ஒரு லாபமும் இல்லை. அதற்கு முந்திய பஸ்ஸைப் பிடிக்கிற அளவுக்கு மிச்சம் பிடித்திருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. அங்கே ஒவ்வொரு படமும் கணக்கு.

இதை நான் ஒன்பதாம் வகுப்பில் மடங்குகள் படிப்பிக்கும்போது பலகையில் எழுதினேன். நூறாவது படத்தில் கட்டத்தை முடித்தவன் எத்தனையாவது படத்தில் புறப்படுவான் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிவிட்டு ஒரு பிள்ளை 105 என்றாள். "அப்ப 104 இல முடிச்சவன், டீச்சர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன். அவனும் 105 தான் என்றேன். "அப்ப 106 இல முடிச்சா?" 126 என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன. கணிதப் பாடத்துக்கு வாயே திறக்காத பையன் அன்றைக்குக் கேட்ட கேள்விதான் அந்த 104.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஐயா சொன்ன "திரும்பத் திரும்ப" என்பது உண்மை. ஓடுகிற பிள்ளை முதல் கட்டத்தில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அப்போதே ரீசெட் பண்ணிவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பான், ஏனென்றால் விட்ட நேரத்தைப் பிறகு எங்கேயும் பிடிக்க முடியாது. அதனால் பெரும்பாலான முயற்சிகள் முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே முடிந்துவிடுகின்றன. எட்டாம் உலகத்தை நல்ல நேரத்தோடு எட்டிப் பார்ப்பதே அபூர்வம். வெளியே இருந்து பார்க்கிறவருக்குப் பையன் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி. நான்காம் உலகத்தின் இரண்டாம் கட்டத்தைச் சொல்கிறேன். அங்கே ஒரு கொடியில் ஏறிப் போனால் எட்டாம் உலகத்துக்குக் குறுக்கு வழி உண்டு. கொடி வளர்ந்து ஏறி முடிவதற்குள் நேரம் போய்விடும். அதனால் ஓட்டக்காரர்கள் கொடிப் பக்கமே போவதில்லை. கேமின் நாயகன் மாரியோவைச் செங்கல்லில் முட்ட வைத்து, திரையில் அவன் நிற்க வேண்டிய இடத்தைவிட ஒரு பொடி அளவு வலப்பக்கம் தள்ளி, அப்படியே ஒரு குழாய்க்குள் இறக்கிவிடுகிறார்கள். குழாய் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் திரை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் கேம் தீர்மானிக்கிறது. மாரியோ மட்டும் முந்திப் போயிருப்பதால், கேம் இன்னும் கொடி போகிற இடத்தையே நினைத்துக்கொண்டு அவனை அங்கே அனுப்பிவிடுகிறது. போயா விடுமுறை ஒன்றில், வெளியே மழை விடாமல் கொட்ட, மகன் அந்தச் செங்கல் முட்டலை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பழகினான். முழு ஓட்டம் ஒன்றுகூட அன்றைக்கு இல்லை. குதிப்பான், பார்ப்பான், "சீக்கிரம்" என்பான். மறுபடி குதிப்பான், "லேட்" என்பான். சாப்பிடக் கூப்பிட்டபோது, "அம்மா, விரல் எப்ப எடுக்கணும்னு இப்பதான் பிடிபடுது" என்றான்.

அவனிடம் ஒரு சிஆர் கொப்பி இருக்கிறது. எட்டுக் கட்டத்துக்கும் எட்டு நிரல் போட்டு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு எடுத்தது, எதனால் விட்டது என்று எழுதுவான். "குழாய்க்கு முந்தி நின்றேன்", "பயத்தில் அழுத்தினேன்" என்றெல்லாம் இருக்கும். ஓட்டக்காரர்கள் பாவிக்கும் நேரக் கணிப்பு மென்பொருளில் இத்தனையாவது முயற்சி என்ற எண்ணும் திரையிலேயே தெரியும். அதை ஒருவரும் மறைப்பதில்லை. வெட்கப்படுவதும் இல்லை. ஆடி மாதக் காற்றுக்கு எங்கேயோ மரம் சரிந்து, அவனுடைய மிகச் சிறந்த ஓட்டம் எட்டாம் உலகத்தில் இருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. பழைய லெப்டொப், பெட்டரி நிற்காது. நான் மெழுகுதிரியோடு போனபோது கொப்பியில் ஏழாவது நிரல் வரை நிரப்பிக்கொண்டிருந்தான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். எங்கள் பிள்ளைகளுக்குத் திரும்ப முயற்சி செய்ய எங்கே இடம் இருக்கிறது? ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. பத்து வயதில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே போன பிள்ளையை, லயத்தில் எல்லோருக்கும் தெரியும்படி, "பாஸாகல" என்று சொல்லிவிடுகிறோம். உயர்தரத்துக்கு மூன்று தடவை உண்டு. சாதாரண தரத்தையும் திரும்ப எழுதலாம். ஆனால் பிள்ளையின் கைக்கு வருவது ஏ, பீ, சீ, எஸ் என்ற எழுத்துகளில் ஒன்று, சித்தியில்லை என்றால் சாதாரண தரத்தில் டபிள்யூ, உயர்தரத்தில் எஃப். தான் எழுதிய விடைத்தாளை அது பெரும்பாலும் பார்ப்பதில்லை. மீள் பரிசீலனைக்கு விண்ணப்பித்தாலும் எந்த வினாவில், எந்தப் படியில் தவறியது என்று தெரியவராது. கணிதத்தில் டபிள்யூ வாங்கிய பிள்ளை, எங்கே விட்டோம் என்று தெரியாமலேயே அடுத்த வருடம் அதே பரீட்சைக்குப் போகிறது. இதைத்தான் நான் வீண் என்பேன். கேமுக்குப் போன மணித்தியாலங்களில் என் மகனுக்கு ஒவ்வொரு தடவையும் எங்கே விட்டது என்று தெரிந்தது.

பொறுமை என்று மேடையில் எல்லோரும் பேசுகிறோம். 1997 இல் வந்த கோல்டன்ஐ 007 என்ற கேமில் டேம் என்ற முதல் கட்டத்துக்கு 53 செக்கன் என்ற சாதனை 2002 இலிருந்து அசையவில்லை. எத்தனையோ பேர் 53 ஐத் தொட்டார்கள். 2017 டிசம்பரில்தான் ஒருவர் 52 எடுத்தார். ஒரு செக்கனுக்குப் பதினைந்து வருடம். இந்தக் கதையை மகன் எனக்குச் சொன்னபோது அவன் குரலில் இருந்த மரியாதையை நான் வேறு எதற்கும் கேட்டதில்லை.

நேர்மை விஷயத்திலும் இவர்கள் கறார். ஓட்டத்தை வீடியோவாகக் கொடுத்தால்தான் ஏற்பார்கள், அதைப் பொறுப்பாளர்கள் பார்த்து உறுதி செய்வார்கள். பழைய கையாள்கருவியில் இடமும் வலமும் ஒன்றாக அழுத்த முடியாது. கீபோர்டில் முடியும். ஆகவே கீபோர்டில் ஓடுகிறவர் இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் மாரியோ ஓட்டத்தில் அது செல்லாது. டொட் ரொஜர்ஸ் என்பவர் ட்ராக்ஸ்டர் என்ற கார் ஓட்டப் பந்தய கேமில் 1982 இல் எடுத்ததாகச் சொன்ன 5.51 செக்கன், கேமின் கணினி நிரலை ஆராய்ந்து 5.57 க்குக் கீழே போகவே முடியாது என்று காட்டப்பட்டதால், 2018 இல் நீக்கப்பட்டது. முப்பத்தைந்து வருடம் ஆனாலும் விடவில்லை.

யாருக்குப் பயன் என்ற கேள்விக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கேம்ஸ் டன் குவிக் என்று ஓட்டக்காரர்கள் வருடத்தில் இரண்டு தடவை ஒரு வாரம் இரவு பகலாக ஓடி நிதி சேர்க்கிறார்கள். கோடைகால நிகழ்ச்சியின் பணம் பல வருடமாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குப் போகிறது. யுத்த காலத்தில் நம் நாட்டில் வேலை செய்த அதே அமைப்பு. சமீப வருடங்களில் ஒவ்வொரு தடவையும் மில்லியன் கணக்கான டொலர்.

இதனாலெல்லாம் பிள்ளையை அவிழ்த்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஓட்டம் கிடையாது. வீடியோவை ஏற்றுவதற்கு இரவு நேர டேட்டாதான் கட்டுப்படியாகும், அதை லெப்டொப் தானாக ஏற்றும், அவன் தூங்க வேண்டும். கை வலி வந்து ஓட்டத்தையே நிறுத்திய நல்ல ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள், அதனால் இடையிடையே எழும்பி நடக்கச் சொல்லிக் கத்துவேன். உயர்தரப் பரீட்சை நெருங்கிய மாதங்களில் லெப்டொப் அலுமாரிக்குள் போனது. அவனாகக் கொடுக்கவில்லை, நான் வாங்கி வைத்தேன். இதில் காசு பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மிகச் சிலருக்குத்தான் அது நடக்கும். கொப்பியும் இல்லாமல், எங்கே விட்டோம் என்ற யோசனையும் இல்லாமல் வெறுமனே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் பிள்ளையும் உண்டு. அதற்கு ஐயா சொன்னது முழுக்கப் பொருந்தும்.

ஆகவே ஹட்டன் ஐயாவிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அக்கா மகன் பக்கத்தில் ஒரு மாலை உட்காருங்கள். எவ்வளவு நேரமாக விளையாடுகிறாய் என்று கேட்காமல், எந்தக் கட்டத்தில் விடுகிறாய் தம்பி, ஏன் விடுகிறாய் என்று கேளுங்கள். பதில் இருந்தால் அவன் வேலை செய்துகொண்டிருக்கிறான். பதில் இல்லையென்றால் அன்றைக்கே லெப்டொப்பை மூடச் சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம்தான்.

சக ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும். தவணைப் பரீட்சை நம் கையில் இருக்கிறது. திருத்திய விடைத்தாளைப் பிள்ளையிடம் கொடுத்து, எங்கே தவறியது என்று அதன் கையாலேயே எழுத வைத்து, அதே வகை வினாவை அடுத்த வாரம் திரும்பக் கொடுப்பதற்கு எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை. நான் இந்த வருடம் தொடங்கியிருக்கிறேன்.

உங்கள் பத்திரிகை வாரா வாரம் புலமைப்பரிசில், சாதாரண தர மாதிரி வினாத்தாள்களை வெளியிடுகிறது. தோட்டப்புறத்தில் அதை வெட்டி ஒட்டி வைத்துப் படிக்கிற பிள்ளைகள் நிறைய. ஆனால் விடைப்பகுதியில் 1-3, 2-1 என்று இலக்கம் மட்டும் வருகிறது. ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று வினாவுக்காவது, பிள்ளைகள் வழக்கமாக எந்தப் படியில் தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கணிதத்துக்கு அந்தப் பகுதியை எழுதித்தர நான் தயார், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.