இரண்டு கிரவுண்டில் கட்டும் வீடுகளுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது வீடு வாங்குவோருக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரும் உரிமைகளை விளக்கித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சொல்லப்பட்டவை அனைத்தும் சரியே. ஆனால் நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மேற்கு மாம்பலம், பெரம்பூர், கொளத்தூர் போன்ற பகுதிகளில் விற்பனைக்கு வரும் புது அடுக்ககங்களில் பல, அந்தச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வருவதில்லை என்பது கட்டுரையில் விடுபட்டுவிட்டது.

2016ஆம் ஆண்டின் இச்சட்டத்தின் 3ஆவது பிரிவு, மனையின் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாத அல்லது வீடுகளின் எண்ணிக்கை எட்டைத் தாண்டாத கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யத் தேவையில்லை என்று விலக்கு அளிக்கிறது. டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு 500 சதுர மீட்டர் என்பது சின்ன அளவாகத் தோன்றியிருக்கலாம். சென்னையில் நாம் மனையைக் கிரவுண்டில் அளக்கிறோம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். இரண்டு கிரவுண்டைச் சேர்த்தாலும் 446தான் வருகிறது. ஆகவே, பழைய தனிவீட்டை இடித்துவிட்டு, மனை உரிமையாளரும் கட்டுநரும் பாதிக்குப் பாதி என்று ‘ஜாயின்ட் வென்ச்சர்’ போட்டு, ஒன்றிரண்டு கிரவுண்டில் நான்கு, ஆறு, எட்டு வீடுகளாகக் கட்டி விற்கும் வழக்கமான சென்னை அடுக்ககம் சட்டப்படியே பதிவுக்கு வெளியே நிற்கிறது. கட்டுநர் எந்தத் தில்லுமுல்லும் செய்ய வேண்டியதில்லை.

பதிவு இல்லாவிட்டால் என்ன போயிற்று என்று கேட்கலாம். பதிவு செய்த திட்டத்தில் வாங்குவோர் கொடுக்கும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் கட்டுமானத்துக்கும் மனைக்கும் மட்டுமே செலவிட வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம் 14ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, செய்து தந்த வசதிகளிலோ குறை தெரியவந்தால், சுட்டிக்காட்டிய 30 நாட்களுக்குள் கட்டுநர் கூடுதல் பணம் கேட்காமல் சரிசெய்து தர வேண்டும், தவறினால் இழப்பீடு தர வேண்டும். கட்டியவர் ஒருவர், விற்றவர் வேறொருவர் என்றால் இருவருமே பொறுப்பு என்றும் சட்டம் சொல்கிறது. பதிவு எண்ணே இல்லாத வீட்டை வாங்கியவர் இவற்றில் எதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவது?

நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஆறு வீடுகள். சாவி வாங்கிய இரண்டாவது மழைக்காலம் முடிந்த பிறகு, முதல் தளத்து வீட்டின் குளியலறைக் கூரையில் பழுப்பு நிறத்தில் ஓதம் பூக்கத் தொடங்கியது. பெயின்ட் உரிந்தது, பூச்சு பொரிந்து விழுந்தது, அதற்குப் பின் கம்பியின் துருவே கண்ணுக்குத் தெரிந்தது. மேல் வீட்டுக் குளியலறையின் டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்த கொத்தனார், குழாய் பதிப்பதற்காகத் தாழ்த்திப் போட்ட தளத்தை உடைந்த செங்கல்லாலும் கட்டடக் குப்பையாலும் நிரப்பியிருக்கிறார்கள் என்றும், அதற்கு அடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு எதுவும் இல்லை என்றும் காட்டினார். கழிவுநீர்க் குழாயின் இணைப்பிலிருந்து கசிந்த தண்ணீர் அந்தக் குப்பையில் மாதக்கணக்கில் ஊறி, கீழே இறங்கியிருக்கிறது. கட்டும்போதே செய்திருந்தால் ஒரு நாள் வேலை. டைல்ஸ் ஒட்டிய பிறகு அதை எந்தப் பொறியாளராலும் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இத்தகைய மறைந்த குறைகள் வெளியே வர ஓரிரு மழைக்காலங்களாவது ஆகும் என்பதால்தான் சட்டம் 5 ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் கட்டுமான ஒப்பந்தத்திலோ பொறுப்புக் காலம் ஓராண்டுதான். கட்டுநரைக் கேட்டால் அந்த வரியைக் காட்டுகிறார். மனை உரிமையாளரைக் கேட்டால், “எனக்கும் அதே பில்டர்தானே கட்டிக் கொடுத்தார்” என்கிறார். அவர் வீட்டிலும் ஓதம் இருக்கிறது, பாவம். எங்கள் கட்டடத்துக்கென்றே தொடங்கிய கூட்டு நிறுவனம் இப்போது கலைக்கப்பட்டுவிட்டது என்றும், அதே ஆட்கள் வேறு பெயரில் அடுத்த தெருவில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் பின்னர்தான் தெரிந்தது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இலேயே தீர்ப்பளித்தது. ரியல் எஸ்டேட் சட்டம் வந்த பிறகும் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று 2020இல் உறுதிசெய்தது. ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மட்டுமே விலக்கு. கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டினால் மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இன்றைய சென்னை விலையில் எத்தனை புது வீடுகள் 50 லட்சத்துக்குள் கிடைக்கின்றன? பொறியாளர் அறிக்கை, வழக்கறிஞர் கட்டணம், வாய்தா எல்லாம் தனி. இத்தனைக்கும் பிறகு, 5 ஆண்டுப் பொறுப்பு என்று தெளிவாக எழுதிய சட்டப்பிரிவு நமக்குப் பொருந்துமா என்பதிலேயே வாதம் தொடங்கும்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். விலக்கு அளிக்கும் அதே 3ஆவது பிரிவு, மாநில அரசு தேவையெனக் கருதினால் 500 சதுர மீட்டர், எட்டு வீடுகள் என்ற வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. தமிழக அரசு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, சென்னைப் பெருநகரப் பகுதியிலாவது, விற்பனைக்கென்று நான்கு வீடுகளும் அதற்கு மேலும் கட்டும் எல்லாத் திட்டங்களையும் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். சொந்தக் குடும்பத்துக்காக மாடி எடுப்பவர்களை இதில் இழுக்க வேண்டியதில்லை. சிறு கட்டுநர்கள் நொடித்துப் போவார்கள், வீட்டு விலை ஏறும் என்று மறுப்பு வரும். பதிவுக் கட்டணத்தைக் குறைவாக வைப்பதும் படிவங்களைச் சுருக்குவதும் அரசின் கையில்தான் இருக்கின்றன. நங்கநல்லூரில் வாங்கிய பணத்தை மேடவாக்கத்துக் கட்டடத்தில் போடாத கட்டுநருக்குத் தனிக் கணக்கு ஒரு சுமையே அல்ல.

வாங்குபவர்களாகிய நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் பார்க்கிறோம், தாய்ப்பத்திரம் கேட்கிறோம், வாஸ்துவுக்கு ஆள் வைக்கிறோம். கம்பி விவரம் உள்ள கட்டமைப்பு வரைபடத்தையோ, குழாயும் ஒயரிங்கும் எந்தச் சுவருக்குள் எப்படிப் போகின்றன என்ற வரைபடத்தையோ கேட்பவர் அரிது. பதிவு செய்த திட்டங்களில் ஆவணங்களையும் வரைபடங்களையும் பெறும் உரிமையை 19ஆவது பிரிவு வாங்குபவருக்கு அளிக்கிறது. சிறு அடுக்ககத்தில் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

அரசு வரம்பைக் குறைக்கும்வரை, ஒன்றிரண்டு கிரவுண்டு அடுக்ககத்தில் வீடு பார்த்திருப்பவர்கள் 14ஆவது பிரிவில் உள்ள 5 ஆண்டு, 30 நாள் வாசகத்தை அப்படியே கட்டுமான ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். நிறுவனத்தோடு அதன் பங்குதாரர்களும் மனை உரிமையாளரும் தனிப்பட்ட முறையில் அதில் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்க வேண்டும். இதையெல்லாம் புக்கிங் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
அடுக்ககக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர்,
நங்கநல்லூர், சென்னை.