பூங்கா திறந்திருக்கிறது, கழிப்பறை பூட்டியிருக்கிறது

சென்னையின் பூங்காக்களையும் கடற்கரைகளையும் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை மாலை, நகரத்துப் பூங்கா ஒன்றின் கழிப்பறைக் கதவில் புத்தம்புதுப் பூட்டு தொங்கியது. பழையது துருப்பிடித்துவிட்டது போலும். உள்ளே உடைந்து கிடக்கும் குழாயை மாற்றக் கை வராதவர்களுக்குப் பூட்டை மாற்ற மட்டும் கை வந்திருக்கிறது. எந்தப் பூங்கா என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அதை மட்டும் ஒரு நாள் திறந்து, படம் எடுத்து, 'குறை தீர்க்கப்பட்டது' என்று கோப்பை மூடிவிடுவீர்கள்.

இந்த ஊரில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகப் பெரிய பணம் தேவையில்லை. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 5 வயது வரை பிள்ளைகளுக்கும் கிடையாது, 12 வரை அரை டிக்கெட். பறக்கும் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கினால் மெரினா நடக்கிற தூரம். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வண்டலூருக்கும் செவ்வாய் விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை என்பது தெரிந்திருந்தால் அலைச்சல் மிச்சம். சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம். தயிர்சாதம்தான் வேண்டுமென்றால் பாலை நிறைய விட்டு, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து கட்டவேண்டும், மாலைக்குள் புளிக்காது. ஒரு பந்து, ஒரு பெட்ஷீட், பழைய துண்டு இரண்டு. ஆக, நுழைவுக் கட்டணம் இல்லாத பூங்காவிலோ கடற்கரையிலோ நாலு பேர் உள்ள குடும்பம் ஐம்பது ரூபாய்க்குள் ஒரு மாலையைக் கழித்துவிடலாம். கழிப்பறை திறந்திருந்தால்.

குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் மில்லி லிட்டரில் விடை வரும். 4 வயதுப் பிள்ளைக்கு 180 மில்லி, ஒரு டம்ளருக்குச் சற்றுக் கூட. விளையாட்டு மும்முரத்தில் கடைசி நொடி வரை அடக்கிவைத்துவிட்டுத்தான் 'அம்மா, அவசரம்' என்று ஓடிவரும். அதற்குப் பிறகு உங்களிடம் இருப்பது இரண்டு மூன்று நிமிடம். காவலரைத் தேடிச் சாவி வாங்க அது போதாது. அவர் கேட்டில் இருந்தால் சாவி மேஸ்திரியிடம் இருக்கும், மேஸ்திரி அடுத்த வார்டில் இருப்பார்.

இதற்குத் தாய்மார்கள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? மூன்று மணிக்கு மேல் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. கத்திரி வெயிலில் ஓடியாடி வேர்த்து வந்து கேட்கும் பிள்ளையிடம் 'ஒரு வாய் மட்டும்' என்று சொல்லி பாட்டிலைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்பட்டு எரிச்சல் வரும்; எரிச்சலுக்குப் பயந்து பிள்ளை இன்னும் அடக்கும்; அடக்க அடக்கத் தொற்று வரும், பெண்பிள்ளைகளுக்குச் சீக்கிரமே. ஆண்பிள்ளை என்றால் மரத்தடி இருக்கிறதாம். எட்டு வயதுப் பெண்ணுக்கு எந்த மரத்தடியைக் காட்டுவீர்கள்? சர்க்கரை உள்ள பாட்டியும், மாதவிலக்கில் இருக்கும் அம்மாவும் எப்போதோ வீட்டோடு இருந்துகொள்ளப் பழகிவிட்டார்கள். அவர்களை நீங்கள் பூங்காவில் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் கேட்க ஆளில்லை என்று நினைத்திருக்கலாம்.

பூட்டிய கதவுக்கு விலையும் உண்டு. அவசரத்துக்கு எதிரே உள்ள ஹோட்டலில் நுழைந்தால் சும்மா வரமுடியாது. இரண்டு காபி, பிள்ளைகளுக்கு ஒரு ரோஸ்மில்க், ஒரு பஜ்ஜி தட்டு. மொத்தப் பயணத்துக்கு ஆனதைவிட நாலைந்து மடங்கு அங்கேயே போய்விடும். அடுத்த வாரம் குடும்பம் நேராக மாலுக்குப் போகிறது. ஏசிக்காகப் போகிறார்கள் என்று நாம் கேலி பேசுகிறோம். அங்கே கழிப்பறைக் கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பூட்டுவதற்கு உங்கள் பக்கம் காரணம் சொல்வீர்கள்: அசிங்கப்படுத்துகிறார்கள், குழாயைத் திருடுகிறார்கள். உண்மைதான். ஆனால் பெரும்பாலும் நடக்கிற வரிசை வேறு. முதலில் மொட்டை மாடி டேங்கில் மிதவை வால்வு கெடுகிறது, தண்ணீர் வழிகிறது. வழியாமலிருக்க கேட் வால்வை அடைக்கிறார்கள். தண்ணீர் நின்றதும் நாற்றம், நாற்றத்துக்குப் புகார், புகாருக்குப் பூட்டு. சில நூறு ரூபாய் சாமானையும் பிளம்பரின் அரை நாள் கூலியையும் மிச்சம் பிடிக்க, லட்சக்கணக்கில் கட்டிய கட்டடத்தை முடக்குகிறோம். ஒரு முறைக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும் 500 லிட்டர் டேங்க் 100 முறைக்கு வரும். ஞாயிறு மாலைக்கு அது காணாது. ஆகவே சனி, ஞாயிறுகளில் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் மோட்டார் போட ஒருவர் வேண்டும். பித்தளைக் குழாய்க்குப் பதில் பிளாஸ்டிக் குழாய் மாட்டினால் திருட ஆள் வராது. உள்தாழ்ப்பாளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்து, வெளியிலிருந்து நாணயத்தால் திறக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளைக்காகக் கதவை உடைக்கவேண்டி வராது. கை கழுவும் தொட்டிகளில் ஒன்றாவது தரையிலிருந்து 55 சென்டிமீட்டரில் இருக்கட்டும். இதற்கெல்லாம் ஆலோசகர் தேவையில்லை.

கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பூங்கா திறந்திருக்கும் நேரம் முழுவதும் கழிப்பறையும் திறந்திருக்கவேண்டும்.

செல்ஃபி எடுக்க ஏரியா பெயரை ஆளுயர எழுத்தில் வைத்தீர்கள், அதற்கு இரவெல்லாம் விளக்கு எரிகிறது. எட்டு வடிவ நடைபாதை போட்டீர்கள், நன்றி. பெரியவர்களுக்கு உடற்பயிற்சிக் கருவிகள் வைத்தீர்கள். ஊஞ்சல் சங்கிலி அறுந்து கிடப்பதால் பிள்ளைகள் அந்தக் கருவிகளில் ஏறி விரலை நசுக்கிக்கொள்கிறார்கள். சறுக்குமரத்தைத் தகரத்தில் செய்து மேற்குப் பார்க்க வைத்த பொறியாளர் மே மாதம் நாலு மணிக்கு அரைக்கால் சட்டையோடு ஒரு முறை சறுக்கிப் பார்த்தால் தேவலை. மாடு நுழையாமலிருக்க வாசலில் வைத்த வளைகம்பியில் குழந்தை வண்டியும் நுழையாது, சக்கர நாற்காலியும் நுழையாது. மாடு மட்டும் எப்படியோ உள்ளே மேய்ந்துகொண்டிருக்கிறது.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டது. ஊஞ்சலும் சறுக்குமரமும் மெதுவாக நடக்கட்டும், காத்திருக்கிறோம். இப்போதைக்கு, தினமும் மாலை 4 மணி முதல் பூங்கா மூடும் வரை அந்தக் கதவு திறந்திருக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். காலை நடைக்கு வரும் பெரியவர்களுக்கும் அதே ஏற்பாடு. சாவி யாரிடம் என்பதைக் கதவிலேயே எழுதிவையுங்கள், எடுத்துப் பேசுகிற ஆளின் எண்ணோடு. புதுப் பூட்டு வீணாகிவிடுமே என்று கவலை வேண்டாம்: மோட்டார் அறைக் கதவு பூட்டில்லாமல் திறந்தே கிடக்கிறது, உள்ளே ஒயர் தொங்குகிறது. அதற்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறுதோறும் தண்ணீர் பாட்டிலை ஒளித்துவைக்கும் பெற்றோர்