தாமரையின் உறவு உன் தோட்டத்தில் நிற்கிறது

திருச்சி,
பிப்ரவரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இன்டர்னல் மார்க் ஏற்றுகிற வேலை கழுத்தை நெரித்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. குன்னூர் குளிரில் முட்டிவலி கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். கீழே வந்து ரெண்டு மாதம் எங்களோடு இரு என்று எத்தனை தடவை சொல்வது? இங்கே எல்லோரும் சௌக்கியம். மே மாதக் கடைசியோடு எனக்குப் பணி ஓய்வு. பென்ஷன் பேப்பரெல்லாம் கொடுத்தாகிவிட்டது.

சரி, உன் தங்கை மகள் விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்ததும் தாவரவியல்தான் படிப்பேன் என்று அவள் பிடிவாதமாக நிற்கிறாள், வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தாய். எம்.எஸ்சி.யில் நாம் படித்ததையேதானே இத்தனை வருஷமாக நடத்திக்கொண்டிருக்கிறாய், உனக்கு அலுக்கவில்லையா என்று. நீ அந்த ஹாஸ்டல் அறையைக் காலி செய்து எஸ்டேட் வேலைக்குப் போனதிலிருந்து இந்தத் துறையில் என்ன நடந்தது என்று நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. அதைச் சொல்லிவிட்டு அவளிடம் வருகிறேன்.

நாம் படித்ததையே நடத்துவது என்பது முடியாத காரியம் மாப்பிள்ளை. செடிகளின் வம்சாவளி என்று நமக்கு எதைச் சொல்லிக்கொடுத்தார்களோ, அதில் பாதி என் வேலைக்காலத்திலேயே இடம் மாறிவிட்டது.

ஃபிரிட்சியெல்லா ஞாபகம் இருக்கிறதா? ஐந்து மார்க் கேள்வியாகத் தவறாமல் வருமே, அதேதான். சென்னையில் பாசிகளை ஆராய்ந்த எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் 1932இல் அதை விவரித்து, லண்டன் பேராசிரியர் ஃபிரிட்ச்சின் பெயரை அதற்கு வைத்தார். காய்ந்துகொண்டிருக்கும் வண்டல் மண்ணில் வளரும் பச்சைப் பாசி. மண்ணுக்குள் படர்ந்த பகுதி ஒன்று, அதிலிருந்து கீழே இறங்கும் வேரிழை, மேலே நிமிர்ந்து கிளைக்கும் இழைகள். தண்ணீரில் இருந்த பாசி தரைக்கு ஏறிச் செடியானது எப்படி என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று அந்தக் காலத்துப் புத்தகங்கள் எழுதின. நம் பேராசிரியர் அதை நடத்தும்போது அவர் குரலே வேறு மாதிரி இருக்கும். நம்மூர் மண்ணில் நம்மவர் கண்டுபிடித்த பாசி அல்லவா?

நாம் அதை மனப்பாடம் செய்வதற்கு முன்பே வெளியே கதை மாறத் தொடங்கியிருந்தது. 1970களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு பச்சைப் பாசிகளின் செல் எப்படிப் பிளக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு செல் இரண்டாகும்போது நடுவில் புதுச் சுவர் எழ வேண்டும். தரைச் செடிகளில் அதற்கு உதவும் நுண்குழல்கள் அந்தச் சுவருக்குக் குறுக்காக நிற்கும். ஃபிரிட்சியெல்லா சேர்ந்த கூட்டத்தில் அவை சுவர் போகிற திசையிலேயே கிடக்கும். வெளித்தோற்றத்தில் செடிக்கு அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்த பாசி, உள்ளே பார்த்தால் வேறு கிளையைச் சேர்ந்தது. டி.என்.ஏ. வந்து அதை உறுதி செய்தது. அப்புறம் செடிகளுக்கு நெருங்கிய உறவு என்ற இடம் காரா, கோலியோகீட் என்ற வேறு பச்சைப் பாசிகளுக்குப் போனது. கொஞ்ச காலம் நானும் அப்படித்தான் நடத்தினேன். 2014 வாக்கில் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒன்றாக வைத்து ஒப்பிட்டதில் அதுவும் நகர்ந்தது. இப்போது அந்த இடத்தில் இருப்பது யார் தெரியுமா? ஸ்பைரோகைரா சேர்ந்த கூட்டம்! வாய்க்காலில் பச்சை நூலாக மிதக்குமே, அதே ஸ்பைரோகைரா. வேர் இல்லை, கிளை இல்லை, நீந்தும் ஆண் அணுகூடக் கிடையாது. 2019இல் அந்தக் கூட்டத்துப் பாசிகள் இரண்டின் முழு மரபணுத்தொகுதியையும் படித்தார்கள். வறட்சியைத் தாங்கத் தரைச் செடிகளுக்கு உதவுகிற சில மரபணுக்கள் இவற்றிலேயே இருக்கின்றன, அவை மண்ணில் இருந்த பாக்டீரியாக்களிடமிருந்து வந்தவை என்பது அந்த ஆய்வு வந்து சேர்ந்த முடிவு.

வகுப்பில் இதை நான் எப்படி நடத்துகிறேன் என்று சொல்கிறேன் கேள். ஊருக்கு வெளியே ஒரு குளத்திலிருந்து காராவும் ஸ்பைரோகைராவும் எடுத்துவந்து இரண்டு தட்டில் போட்டு வைப்பேன். தொட்டுப் பாருங்கள் என்பேன். காரா சொரசொரப்பாக இருக்கும், உடலெல்லாம் சுண்ணாம்பு படிந்திருக்கும். கணுக்கணுவாகத் தண்டு, கணுவைச் சுற்றி வட்டமாகச் சிறு கிளைகள், பார்த்தால் குட்டிச் செடியேதான். மற்றது வழவழவென்று விரலிடுக்கில் நழுவும். இரண்டில் வேப்பமரத்துக்கு நெருங்கிய சொந்தம் எது என்று கேட்டால் வகுப்பே காராவைக் காட்டும். வழுக்குகிறதே அதுதான் என்று சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஏன் நம்ப முடியவில்லை, நம்ப வைக்க எந்த மாதிரிச் சான்று வேண்டும் என்று அங்கிருந்து பேச்சு தொடங்கும். மணி அடித்தாலும் எழுந்து போகமாட்டார்கள். எளிமையாக இருப்பதெல்லாம் ஆதியிலிருந்தே எளிமையாக இருந்தது என்று அர்த்தமில்லை, இருந்ததை இழந்தும் எளிமையாகலாம் என்பதை அவர்களாகவே கண்டுபிடிக்கிற நாட்கள் உண்டு.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐயங்கார் பார்த்தது பொய்யாகிவிடவில்லை. அவர் விவரித்த வேரிழையும் நிமிர்ந்த இழையும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. உறவில்லாத இரண்டு கிளைகள் தரையில் வாழ வேண்டி வந்தபோது ஒரே மாதிரி உடம்பை அமைத்துக்கொண்டன என்பதற்கு இப்போது அது சாட்சி. நான் அவரைப் பாடத்திலிருந்து எடுக்கவே இல்லை. சிலபஸ் கமிட்டியில் பழசு என்று எடுக்கப் பார்த்தார்கள், சண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்து உன் எஸ்டேட் விஷயம். அல்லியையும் தாமரையையும் பென்தம், ஹூக்கர் என்ற இங்கிலாந்துத் தாவரவியலாளர்கள் ஒரே குடும்பத்தில் வைத்தார்கள், நாமும் அப்படியே எழுதி மார்க் வாங்கினோம். 1862இல் தொடங்கி 1883இல் முடிந்த அந்த வகைப்பாடு இன்றைக்கும் நம் பக்கத்துப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் இருக்கிறது. செடியைக் கையில் வைத்து அடையாளம் காண நல்ல வழி, அதனால் எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் தாமரை அல்லிக்குச் சொந்தமில்லை. 1990களிலிருந்து வந்த மரபணுச் சான்றுகள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம், பிளேன் மரமும் உன் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வரிசையாக நிற்கும் சில்வர் ஓக்கும் இருக்கிற கிளை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரமும் திருவானைக்காவல் பக்கத்துக் குளத்துத் தாமரையும் ஒரே வம்சம். டி.என்.ஏ. இல்லாமலேயே ஒரு துப்பு கிடைக்கும். தாமரை மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மூன்று பள்ளம் தெரியும். அல்லி மகரந்தத்தில் அந்த மூன்று கிடையாது. மூன்று திறப்புள்ள மகரந்தம் இரட்டை விதையிலைச் செடிகளில் பெரும்பாலானவை சேர்ந்த ஒரு பெருங்கிளையின் அடையாளம். எருக்கும் இப்படித்தான், தனிக் குடும்பமாக இருந்தது, இப்போது அரளியோடு ஒரே குடும்பம். பழைய பெயரை எழுதினால்தான் மார்க் என்கிற விடைத்தாள் குறிப்புகள் இன்னும் வருகின்றன. நான் மதிப்பிடும்போது இரண்டுக்கும் மார்க் போடுகிறேன்.

என் சொந்த ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டதில்லை நீ. பெரணிகளின் குரோமோசோம்கள், அதாவது செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகள். பழனி மலையில் ஏறி, முதிராத வித்துப்பைகளை ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த குப்பியில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். லேபில் அதை அசிட்டோகார்மைன் சாயத்தில் நசுக்கி, கண்ணாடித் தகட்டைக் கட்டைவிரலால் பக்குவமாக அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் செல் சிதறிவிடும், குறைந்தால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். நல்ல செல் ஒன்று அகப்பட்டால் அன்றைக்குச் சாப்பாடு மறந்துவிடும். ஓஃபியோகிளாசம் என்று ஒரு சின்னப் பெரணி. புல்லுக்கு நடுவே ஒற்றை இலை நீட்டிக்கொண்டிருக்கும், மிதித்துவிட்டுப் போய்விடுவாய். மனிதனுக்கு 46 குரோமோசோம். அந்தப் பெரணியின் ஓர் இனத்தில் ஆயிரத்துக்கு மேல் இருப்பதை 1950களில் திருவனந்தபுரத்தில் ஆபிரகாம், நைனான் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். பின்னால் 1440 வரைக்கும் எண்ணப்பட்டிருக்கிறது, இதுவரை தெரிந்த எந்தச் செடியிலும் அதுதான் அதிகம். ஒரு செடி தன் குரோமோசோம் தொகுதி முழுவதையும் இரட்டித்துக்கொண்டே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது கடைக்கோடி உதாரணம். பரிணாமம் என்றால் கோடி வருஷக் கணக்கு என்று நினைக்கிறோம். ஆனால் இரட்டிப்பு ஒரு தலைமுறையில் நடந்து புது இனமே பிறந்துவிடுகிறது. கோயம்புத்தூரில் சாகுபடிக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து 1918இல் கோ 205 வந்தபோது வயலில் விளைந்ததும் இந்தக் குரோமோசோம் கலப்புதான். அந்த நாணல் இனத்தின் குரோமோசோம்களைத்தான் 1930களில் அங்கே ஜானகி அம்மாள் உட்கார்ந்து எண்ணினார். தலச்சேரிப் பெண், சென்னையில் ராணி மேரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர், 1931இல் மிச்சிகனில் டாக்டர் பட்டம். கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார். 1984இல் மதுரவாயலில் இறக்கும் வரை ஆராய்ச்சியை விடவில்லை. உன் தங்கை மகளுக்கு இவர் கதையை நீயே சொல்லு.

ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளைப் பெரம்பலூர் பக்கம் சாத்தனூருக்குக் கூட்டிப்போகிறேன். கல்லாகிப்போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. டைனோசர்கள் இருந்த கிரிட்டேசியஸ் காலத்தது, அப்போது அந்தப் பக்கமெல்லாம் கடல். திருச்சிப் பையன்களில் பாதிப் பேர் ஒன்றரை மணி நேர தூரத்தில் இருக்கும் அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை.

இனி அவள் படிப்பு. வேலை நிலவரத்தை மறைக்காமல் சொல்கிறேன். கல்லூரிகளில் நிரந்தர இடங்கள் வருஷக்கணக்காகக் காலியாகக் கிடக்கின்றன, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறார்கள். டாக்டர் பட்டம் வாங்கிய என் மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் சம்பளமே இல்லாமல் வாழ்கிறார்கள், அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் தாவரவியல் என்று தனித்தாள் கிடையாது, உயிர் அறிவியல் என்ற பொதுத்தாளில் விலங்கியல், உயிர்வேதியியல் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும். பல இடங்களில் துறையின் பெயரையே மாற்றி பயோடெக்னாலஜி என்று ஒட்டுச் சேர்த்துவிட்டார்கள். மூன்று வருஷம் படித்தும் வேலியோரத்தில் இருக்கும் நாயுருவியை அடையாளம் சொல்லத் தெரியாதவர்கள் பட்டம் வாங்கிப் போகிறார்கள். இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன், அவள் படிக்கட்டும். கேட்டு வாங்கிப் படிக்கிற பிள்ளை வகுப்புக்கு இரண்டு பேர் வந்தாலே பெரிது, அவளைத் தடுக்காதீர்கள்.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி வைக்கிற ஹெர்பேரியம் அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், கடைசியாக ஒட்டிய தாளில் எந்த வருஷம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிராக்டிக்கலில் பிள்ளைகள் செடியைத் தங்கள் கையால் மெல்லிசாக அறுத்து செக்‌ஷன் எடுக்கிறார்களா, அல்லது வாங்கிவைத்த சிலைடைக் காட்டி ரெக்கார்டு வரையச் சொல்கிறார்களா என்று இரண்டாம் வருஷப் பிள்ளையிடம் விசாரியுங்கள். கணக்கை அவள் விட்டுவிடக் கூடாது. இன்றைக்கு வம்சாவளி போடுவதெல்லாம் கம்ப்யூட்டரும் புள்ளியியலும்தான், அதில் பின்தங்கினால் அடுத்தவர் போட்டுத் தருவதை நம்பித்தான் இருக்க வேண்டும். லீவில் இங்கே வந்து ஒரு வாரம் தங்கட்டும். சென்னை மாகாணத்துச் செடிகளைப் பற்றிய கேம்பிள் புத்தகத்தை வைத்து ஒரு செடியைப் படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடு, அது போதும்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். ஏப்ரலில் எனக்குக் கடைசி பிராக்டிக்கல் வகுப்பு. அதற்குள் உன் பக்கம் சில்வர் ஓக் பூத்துவிடும் அல்லவா? மகரந்தம் மொட்டுக்குள்ளேயே முற்றிவிடும், அதனால் விரிந்த பூ வேண்டாம், விரியப்போகிற மொட்டாகப் பார்த்து ஒரு கொத்து பறித்து, சின்னப் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டு மூடி அனுப்பு. ஒரு கிளையை இலையோடு செய்தித்தாளில் மடித்து அட்டைக்கு நடுவே வைத்து அதையும் சேர்த்துக் கட்டு. எந்த உயரத்தில் எடுத்தது, என்றைக்கு எடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடு. தாமரையை நான் இங்கே பூ மார்க்கெட்டில் வாங்கிக்கொள்கிறேன். பஸ் பார்சலில் போட்டதும் எனக்கு ஒரு போன் செய்.

என்றும் அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்