வெந்த சோறா, வேகாத அரிசியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் மருத்துவப் பக்கத்தில் 100 கிராம் சாதத்தில் 350 கலோரி என்று போட்டிருந்தீர்கள். என் மாமியார் அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, சர்க்கரை இருக்கிறவர் என்பதால், நாலு நாளாக மதியமும் ராத்திரியும் கோதுமை ரவை உப்புமாதான் சாப்பிடுகிறார். அது வேகாத அரிசியின் கணக்குங்க. வெந்த சாதத்தில் 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரிதான், ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்.

சந்தேகத்துக்கு நானே நிறுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஆழாக்கில் தலைதட்டி அளந்த புழுங்கலரிசி 140 கிராம். வேகவைத்து, சிப்பலைப் போட்டுக் கவிழ்த்து, கஞ்சி முழுக்க இறங்கினபிறகு தராசில் வைத்தால் 390. அதாவது அந்த ஆழாக்குச் சோறு மொத்தமும் 500 கலோரி சுமார். உங்கள் கணக்குப்படி பெருக்கினால் 1,365 வருகிறது, அவ்வளவையும் ஒரே வேளையில் தின்றுவிட்டு நாங்கள் எல்லாம் எப்படி நடமாடுகிறோம்?

இதில் இன்னொரு கூத்து, கோதுமை ரவையும் வேகாமல் நிறுத்தால் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட அதே 350தான். நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதல், அது சரி, ஆனால் தாளிக்க ஊற்றுகிற எண்ணெயை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்?

சோற்றுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 100 கிராம் சாதத்தில் 28 கிராம் மாவுச்சத்து, அது சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், தட்டில் மலை மாதிரி குவிக்கக் கூடாது என்பதில் சண்டையே இல்லை. புரதம் 2.7 கிராம்தான், அதிலும் லைசின் என்கிற புரதக்கூறு (அமினோ அமிலம்) குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு என்பதால்தான் சாம்பார் சாதம் வெறும் சாதத்தைவிடப் பல மடங்கு தேவலை. கொழுப்பு இல்லாத அளவுக்குக் குறைவு, நாம் போடாவிட்டால் உப்பும் கிடையாது (ரத்தக் கொதிப்புக்காரர்கள் கவனிக்க). வைட்டமின் சி சுத்தமாக இல்லை.

உண்மையிலேயே எழுத வேண்டிய விஷயத்துக்கு அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நன்றாகத் தீட்டின வெள்ளை அரிசியில் தவிட்டோடு பி1 வைட்டமினும் போய்விடுகிறது, மிச்சம் இருப்பதில் பாதி நாம் கொட்டுகிற வடிகஞ்சியில் போகிறது. தீட்டின அரிசியைத் தின்ற கோழிகளுக்குக் கால் இழுத்துக்கொண்டதை 1890களில் ஜாவாவில் கவனித்த ஐக்மன் என்ற டச்சு மருத்துவருக்கு 1929-இல் நோபல் பரிசே கிடைத்தது. புழுங்கலரிசியில் நெல்லை உமியோடு அவிக்கும்போதே அந்தச் சத்து உள்ளே இறங்கிவிடுவதால் இழப்பு குறைவு. சன்னமாக, வெள்ளையாக வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்குகிற நமக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள், "வெந்தது", "வேகாதது" என்று தனித்தனியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில். தராசைக் கண்முன்னே வைத்து நிறுத்துக் காட்டியும் மாமியார் நம்பவில்லை, பேப்பரில் வரட்டும் பார்க்கலாம் என்கிறார். ரவை வேறு தீர்ந்துபோச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்