வின்ச் கேபிளுக்கும் காப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேற்றிலும் மணலிலும் சிக்கும் வண்டியை மீட்க முன் பம்பரில் வின்ச் (மோட்டாரால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) பொருத்துவது குறித்துத் தங்கள் இதழின் வாகனப் பகுதியில் வெளியான கட்டுரை, இழுதிறனையும் கயிற்றையும் பற்றி விரிவாகச் சொன்னது. பேட்டரியிலிருந்து வின்ச்சுக்குச் செல்லும் கேபிளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தீ விபத்துக்கு வழி வைக்கக்கூடியது அந்தக் கேபிள்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

முகப்பு விளக்குக்கும் ஹாரனுக்கும் ஃபியூஸ் வைத்திருக்கும் அதே வண்டியில், அவற்றைவிடப் பன்மடங்கு மின்னோட்டம் பாயும் வின்ச் கேபிள் பல நேரங்களில் எந்தத் தடுப்பும் இல்லாமல் பேட்டரியோடு நேராக இணைக்கப்படுகிறது. சுமார் 4,300 கிலோ இழுதிறன் கொண்ட 12 வோல்ட் வின்ச், சுமையின்றிச் சுற்றும்போது 100 ஆம்பியருக்குள் எடுத்துக்கொண்டாலும், முழுச் சுமையில் 400 ஆம்பியரை எட்டக்கூடும் என்பதால், சிறிய ஃபியூஸ் பாதி இழுவையில் போய்விடும், பெரிய ஃபியூஸால் மோட்டாருக்குப் பயனில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஃபியூஸ் வைப்பது கேபிளைக் காப்பதற்காக. மோதலில் பம்பர் நசுங்கிக் கேபிளின் உறை கிழிந்து செம்பு, வண்டியின் உலோகச் சட்டமான சேசிஸைத் தொட்டால், நல்ல நிலையில் உள்ள பேட்டரி 1,000 ஆம்பியருக்கு மேலும் கொடுத்துவிடும். சாவியை எடுத்தாலும் அது நிற்காது. இழுவையின்போது சிறிது நேரம் ஏறும் மின்னோட்டத்தைப் பொறுத்துக்கொண்டு, ஷார்ட் ஆனவுடன் அறுந்துவிடும் மெதுவகை ஃபியூஸ்கள் இருக்கின்றன. கேபிள் தாங்கும் அளவைப் பார்த்து அதைத் தேர்ந்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகிலேயே பொருத்த வேண்டும். வீட்டு மின்பலகையில் இருக்கும், மாறுமின்னோட்டத்துக்கான (ஏசி) பிரேக்கரை இங்கே கொண்டுவந்து மாட்டுவது ஆபத்து. இழுவையின் நடுவில் ஃபியூஸ் போனால் வண்டி உருண்டுவிடுமே என்ற அச்சமும் பெரும்பாலும் தேவையற்றது. பெரும்பாலான மின் வின்ச்சுகளில் மின்சாரம் நின்றாலும் சுமையைப் பிடித்துக்கொள்ள பிரேக் இருக்கிறது.

ஒன்றை மட்டுமே செய்ய இயலும் என்பவருக்கு, ஃபியூஸுக்கும் முன்பாக நான் சொல்வது, பேட்டரியிலிருந்து வின்ச்சை முழுதாகத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சை. வின்ச் வேலை செய்யும் நேரம் ஆண்டில் மிகச் சொற்பம். மற்ற நேரமெல்லாம் அந்தக் கேபிளில் மின்சாரம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தவிர, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்சான சொலினாய்டின் உள்ளே தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், ரிமோட்டை விட்டபின்னும் கயிற்றைச் சுற்றும் உருளையான டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது கையெட்டும் தூரத்தில் உள்ள இந்த சுவிட்ச்தான் கயிற்றருகே நிற்பவரைக் காப்பாற்றும். அது வின்ச்சின் முழு மின்னோட்டத்தையும் தாங்குவதாகவும், ஓடும் சுமையைத் துண்டிக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

கேபிளின் தடிமனில் சிக்கனம் கூடாது. போகவும் வரவும் சேர்த்து 4 மீட்டர் நீளமுள்ள 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 400 ஆம்பியர் பாய்ந்தால் ஏறக்குறைய 1.75 வோல்ட் வழியிலேயே வீணாகி, 700 வாட் வெப்பமாகிறது. 35 சதுர மில்லிமீட்டரில் அது 320 வாட்டாகக் குறைகிறது. செம்பு பூசிய அலுமினியக் கேபிளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது இன்னும் சூடாகும். நெகட்டிவ் கேபிளையும் அதே தடிமனில் பேட்டரிக்கே கொண்டுசெல்ல வேண்டும். துருவேறிய சேசிஸ் போல்ட்டை நம்பக் கூடாது. தகடுகளைக் கடக்கும் இடங்களில் ரப்பர் வளையமும், முனைகளில் முறையாக அழுத்திய லக்கும் (கேபிளை இணைக்கும் உலோக முனை) அவசியம்.

சுமை குறைந்தால் மின்னோட்டமும் குறையும். கப்பி ஒன்றைச் சேர்த்துக் கயிற்றை இரட்டையாக மடித்தால் வின்ச்சின் மேல் விழும் சுமை ஏறத்தாழ பாதியாகிறது. ஒரு நிமிடம் இழுத்துவிட்டு மோட்டார் ஆறும் வரை காத்திருக்கவும் வேண்டும்.

வின்ச் பொருத்துவது பற்றித் தங்கள் இதழில் அடுத்து எழுதுபவர், பேட்டரியருகே ஃபியூஸையும் ஐசோலேட்டரையும் எப்படிப் பொருத்துவது என்பதை ஒரு வரைபடத்துடன் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்